மாசி மகத்தன்று சங்கிலி ஜெபம்

எங்கள் சபையில் நாள் பார்க்கும் வழக்கம் கிடையாது. ராகு காலம், நல்ல நேரம், அமாவாசை, பௌர்ணமி எதையும் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதில் கமிட்டிக்காரர்கள் அவ்வளவு வைராக்கியமாக இருந்தார்கள். சபை ஆபீசில் தொங்கிய காலண்டரில்கூடத் தேதியும் ஒரு வசனமும் மட்டும்தான் இருக்கும். இந்த வைராக்கியத்தின் பலனாக, நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், லெந்து என்கிற தவக்காலத்துச் சங்கிலி ஜெபத்தைக் கொண்டுபோய் மாசி மகத்தன்று வைத்துவிட்டார்கள். கடலூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எங்கள் கமிட்டியால் மட்டும்தான் முடியும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கொடுமை புரியாது. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துக் கோயில்களிலிருந்தெல்லாம் சாமிகள் தீர்த்தவாரிக்காக சில்வர் பீச்சுக்கு வரும். டிராக்டரில் வரும், மினி லாரியில் வரும், பெரிய கோயில் சாமி குடை பிடித்துக்கொண்டு பல்லக்கில் வரும். சாமிக்குப் பின்னால் ஊரே வரும். அன்றைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரை வரைக்கும் தலையும் பலூனும்தான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, சனிக்கிழமை தவறாமல் திருவந்திபுரம் போகிறவர், முதல் நாளே அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கி வெளிய போவணும்னா காலையிலியே போயிட்டு வந்துடும்மா. மதியத்துக்கு மேல ஒரு ஈ நகர முடியாது." அம்மா தலையாட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்திருந்த நேரம் மதியம் இரண்டிலிருந்து மூன்று.

சங்கிலி ஜெபம் என்பது ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரைக்கும் கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், யாராவது ஒருவர் ஜெபித்துக்கொண்டே இருப்பது. குடும்பத்துக்கு ஒரு மணி நேரம். ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு முன்னால் பாய் விரித்திருக்கும். அடுத்த குடும்பம் வந்து முழங்காலிட்ட பிறகுதான் முந்தின குடும்பம் எழுந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம் சும்மா போனாலும் சங்கிலி அறுந்ததாகக் கணக்கு. பாஸ்டர் முந்தின ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கை கோக்க வைத்து, ஒரு பையனை மட்டும் கையை விடச் சொல்லி, "பாத்தீங்களா, அவ்வளவுதான்" என்றார். அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியாகிவிட்டது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் என்னைவிட விசுவாசத்தில் உறுதியான ஆள் எங்கள் சபையில் இல்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் நான்தான் முதல் பரிசு. பரிசாக வந்த சோப்பு டப்பாக்களை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். யார் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து டீச்சரிடம் சொல்வதும் நான்தான். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று டீச்சர் ஒருமுறையும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு வீட்டிலேயே ஒரு துக்கம் இருந்தது. என் அம்மா பின்மாறிப் போய்விட்டாள். பின்மாற்றம் என்பது எங்கள் சபையில் அடிக்கடி கேட்கிற வார்த்தை. விசுவாசத்தில் நன்றாக இருந்த ஒருவர் பின்வாங்கிப் போவது. குடிக்கிறவர்களுக்கும் சினிமாவுக்குப் போகிறவர்களுக்கும்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் மாமா வீடு இருந்தது. ஆஸ்பத்திரி பக்கம் என்று அம்மா அங்கே போய் இருந்தாள். அவசரப்பட்டு, நாள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டான் என் தம்பி. ஒரே ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி எனக்குக் காட்டினார்கள். மூக்கிலும் கையிலும் என்னென்னவோ ஒட்டியிருந்தது. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, பயமாக இருந்தது. அந்த ஊர் பாஸ்டர் வந்து அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, பெயர் வைத்தார். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அம்மா மடியில் தம்பிக்கு எடுத்து வைத்த சட்டைகளோடு ஒரு துணிப்பை இருந்தது. அதைப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் முறை வைத்து ஜெபம்: முதலில் நான், அடுத்து அம்மா, கடைசியில் அப்பா. முன்பெல்லாம் அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். தெரு முழுக்க ஒருவர் விடாமல் எடுத்து வைப்பாள். பக்கத்து வீட்டு அத்தையின் சர்க்கரை வியாதி வரைக்கும் அதில் வரும். சிதம்பரத்திலிருந்து வந்த பிறகு, பாயை அவள்தான் விரித்தாள், வேதாகமத்தை அவள்தான் எடுத்து வந்தாள், பாட்டு பாடினாள், வசனம் வாசித்தாள். அவள் முறை வரும்போது மட்டும் சும்மா இருந்தாள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். அப்பா கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம் தொண்டையைச் செருமிவிட்டுத் தன் ஜெபத்தை ஆரம்பிப்பார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. ஒரு வருஷமாக இதே கதைதான்.

எனக்கு வந்த பயம் எப்படிப்பட்டது என்று எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். இயேசப்பாவின் வருகையில் விசுவாசிகள் அப்படியே மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று படித்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருந்தால் முதலில் எனக்குத் தோன்றுவது அதுதான். இப்போது அந்தப் பயம் தலைகீழாக மாறிவிட்டது. நானும் அப்பாவும் மேலே போய்க்கொண்டிருப்போம், அம்மா மட்டும் கையில் கரண்டியோடு அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இதை நினைத்துப் பள்ளிக்கூடத்திலேயே அழுதிருக்கிறேன். டீச்சர் கேட்டபோது வயிற்றுவலி என்றேன்.

சங்கிலி ஜெபத்துக்கு அப்பாதான் போவதாக இருந்தது. அப்பாவுக்கு ரெவின்யூ டிபார்ட்மென்ட்டில் வேலை. மாசி மகத்தன்று கூட்டத்தைச் சமாளிக்க ஆபீசில் பாதிப் பேரைக் கடற்கரைக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கும் டியூட்டி விழுந்தது. சாமியானா பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லும் வேலை. காலையில் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மத்தியானம் யாராவது போவணுமே" என்றார். அம்மா, "நான் போறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்து நாலு மணி நேரச் சங்கிலியில் சரியாக நம் வீட்டுக் கண்ணிதான் விட்டுப்போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

கோயிலுக்குள் வெயில் ஜன்னல் வழியாக விழுந்து தரையெல்லாம் சுட்டது. எங்களுக்கு முந்தின குடும்பம் நாங்கள் வந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக எழுந்து போனது. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். முழங்காலிடவில்லை, உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, சங்கிலி என் கையில்தான் இருக்கிறது என்ற பொறுப்போடு சத்தமாக ஆரம்பித்தேன். எதற்கெல்லாம் ஜெபிக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். நாட்டுத் தலைவர்கள், மழை, வியாதியஸ்தர்கள், வேலை இல்லாத வாலிபர்கள், தேர்வு எழுதும் பிள்ளைகள். கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் இன்னும் கீழே இறங்கவே இல்லை, அதற்குள் உலகத்தையே முடித்துவிட்டிருந்தேன்.

அப்புறம் என் சொந்தச் சரக்கில் இறங்கினேன். வகுப்பில் இருந்த எல்லாரையும் வருகைப் பதிவேட்டு வரிசையில் ஆசீர்வதித்தேன். மாமாவையும் சிதம்பரம் அத்தையையும் ஆசீர்வதித்தேன். எங்கள் தெரு நாயின் சொறி குணமாக வேண்டினேன். வெளியே மேளமும் பீப்பி சத்தமும் போலீஸ் மைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. ஆல்டருக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசையவே இல்லை.

மணி மூன்றாயிற்று. யாரும் வரவில்லை.

எங்களுக்கு அடுத்த நேரம் முதுநகரில் பேக்கரி வைத்திருந்த அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும். கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆகாதவர்கள். அவர்களுக்கும் ஒரு பிள்ளை உண்டு, என் தம்பி பிறந்த அதே மாசத்தில் பிறந்த பையன். கோயிலில் எல்லாரும் அவனைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அம்மா மட்டும் ஆராதனை முடிந்ததும் வேறு வாசல் வழியாகக் கிளம்பிவிடுவாள். அந்தப் பையனை அவள் தொட்டதே இல்லை.

கோயில் வாட்ச்மேன் அண்ணன் வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். "அக்கா, பேக்கரிக்காரரு போன் பண்ணாரு. கெடிலம் பாலத்துல மாட்டிக்கிட்டாங்களாம். முன்னையும் போவ முடியல, பின்னையும் போவ முடியலயாம். அவுங்க வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்." நீங்களாவது கொஞ்ச நேரம் வாருங்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். அவருக்கு நிற்க நேரமில்லை. தண்ணீர் கேட்டு வாசலில் நின்ற மகத்துக் கூட்டத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, குடம் குடமாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி முழங்காலிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தெரிந்த வசனமெல்லாம் சொன்னேன், பரமண்டல ஜெபத்தை விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாலத்தில் நிற்கிற சாமி வண்டியெல்லாம் நல்லபடியாகச் சீக்கிரம் அதது கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுகூட உருக்கமாக ஜெபித்தேன். அதில் ஏதும் தப்பு இருக்குமோ என்று அப்போது தோன்றவில்லை. மணி நான்கு தாண்டியது. அதற்குள் வேறு ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே போய்விட்டு வா என்று அம்மா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இப்போது அடக்கவே முடியாத நிலை. முழங்காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கடலில் விழுந்த யோனாவைச் சொன்னேன், பிளந்த செங்கடலைச் சொன்னேன், எல்லாம் தண்ணீராகவே வந்தது.

"ம்மா, எனக்கு அவசரமா வருது."

"போயிட்டு வா."

"நீ ஜெபம் பண்ணுவியா? சத்தமா?"

"போடி. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழி இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் மன்னித்துவிடும் என்று ஓடிக்கொண்டே சொன்னேன். அந்தப் பாவி வாட்ச்மேன் அண்ணன் மகத்துக்கு வந்த பெண்களுக்குக் கோயில் கக்கூசையும் திறந்துவிட்டிருந்தார். வாசலில் பெரிய வரிசை. ஈரப் புடவையும் மொட்டைத்தலைப் பிள்ளைகளுமாக நின்றார்கள். என் நிலையைப் பார்த்து ஒரு அம்மாள், "பொண்ண மொதல்ல வுடுங்கடி, அது அழுவுது பாரு" என்று என்னைத் தள்ளிவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வந்து பக்கவாட்டுக் கதவருகே வரும்போது உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். எட்டிப் பார்த்தால் கோயிலில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. பேசிக்கொண்டிருந்தது அம்மாதான். அது ஜெபிக்கிற குரல் இல்லை. பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டால் வாசலில் நின்று கேட்பாளே, அந்தக் குரல்.

"நான் கேட்டனா? கேட்டு அழுதப்பல்லாம் குடுக்கல. வேணாம்னு மனச தேத்திக்கிட்டப்பறம் குடுத்த. குடுத்துட்டு ஏன் எடுத்துக்கின? பாலு கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா? எல்லாரும் வந்து, அவரு சித்தம், அவரு சித்தம்னு சொல்லிட்டு காப்பி குடிச்சிட்டுப் போனாங்க. ஒனக்கு வாயில்லையா, நீ வந்து சொல்லு. ஒரு வருஷமா தெனம் ஒன் எதிர்ல வந்துதான ஒக்காந்திருக்கேன். ஒரு வார்த்த சொன்னியா நீ?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். என்னென்னவோ சொன்னாள். கண்ணாடிப் பெட்டியைச் சொன்னாள், சிதம்பரத்திலிருந்து வந்த பஸ்ஸைச் சொன்னாள், மடியில் இருந்த பையைச் சொன்னாள். பாயின் மேல் கையால் தட்டித் தட்டிப் பேசினாள். கோயிலுக்குள், ஆல்டருக்கு முன்னால், என் அம்மா ஆண்டவரோடு சண்டை போடுகிறாள். மேலே கூரையைப் பார்த்தேன், இடிந்து விழப் போகிறது என்று. இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் விழவில்லை.

சங்கிலி அறுந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை, மனசுக்குள் ஜெபித்தாள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இதற்கு என்ன சொல்வது? அறுந்த இடத்தை உடனே முடிச்சுப் போட வேண்டும் என்று உள்ளே ஓடி, அவள் பக்கத்தில் விழுந்து, பரமண்டல ஜெபத்தைக் கத்த ஆரம்பித்தேன். அம்மா பேச்சை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கை கழுவினியா?" என்றாள்.

பேக்கரிக்காரர்கள் வந்து சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வண்டியைப் பாலத்தருகே யார் கடையிலோ போட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தே வந்திருந்தார்கள். அண்ணனின் ஒரு செருப்பு போய்விட்டிருந்தது. அவர் மனைவியின் தோளில் பையன் வீறிட்டுக்கொண்டிருந்தான். "மன்னிச்சிடுங்கக்கா, ஒங்களுக்கு ரொம்ப செரமம்" என்று அந்த அக்கா அழாக்குறையாகச் சொன்னார். நான் சட்டென்று முழங்காலை நிமிர்த்தி எழுந்தேன். ஒரு வழியாக விடுதலை.

அம்மாவும் எழுந்தாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த அக்காவின் அருகே போய், பையனின் வேர்த்த தலையில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை. பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவள் வளையலைப் பிடித்தான்.

"பசிக்கிது அவனுக்கு. நீ மொதல்ல அந்த ரூமுல போயி ஒக்காந்து பால் குடும்மா" என்றாள் அம்மா. "தம்பி, நீங்க போயி தண்ணி குடிச்சிட்டு கால நீட்டி ஒக்காருங்க. ஒங்க நேரத்தையும் நானே பாக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பாயில் முழங்காலிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் கைக்குழந்தைக்காரியைப் பார்த்தால் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போகிற ஆள் அவள். உபசாரம் பண்ண ஒரு இடம், நேரம் வேண்டாமா என்று எரிச்சலாக இருந்தது. இந்த முறை அவள் சத்தமாகப் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்னும் சண்டைதான் போடுகிறாள் என்று நினைத்து, நான் பெஞ்சில் படுத்துத் தூங்கிப்போனேன்.

வீடு திரும்பும்போது தெருவெல்லாம் கரும்புச் சக்கையும் உடைந்த பலூனும் கிடந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தாள். மகத்துக் கடையில் வாங்கித் தின்னலாமா என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது, ஆனால் உருண்டை பெரியதாக இருந்தது.

அப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். நாள் முழுக்க மைக்கில் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போயிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது. எல்லாப் பிள்ளையும் கிடைத்துவிட்டதா என்று அம்மா கேட்டதற்கு, எல்லாம் கிடைத்தது என்று கையால் சைகை காட்டினார். அம்மா மிளகு ரசம் வைக்க உள்ளே போனதும், நான் அவர் காதருகே போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஜெபம் பண்ணவில்லை, ஆண்டவரைத் திட்டினாள், சங்கிலி அறுந்துபோய்விட்டது, பாஸ்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.

அப்பா அந்த இல்லாத குரலில், "சத்தமாவா?" என்று கேட்டார்.

"சத்தமாதாம்பா. பாய்மேல தட்டித் தட்டி."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. வெயிலில் நின்றதில் தலைவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் குடும்ப ஜெபம் நடந்தது. அம்மா பாயை விரித்தாள். அப்பாவால் பாட முடியாததால் நானும் அம்மாவும் பாடினோம். நான் என் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தேன். அன்றைய கையிருப்பு எல்லாம் கோயிலிலேயே தீர்ந்துபோயிருந்தது. அம்மாவின் முறை வந்தது. ஃபேன் சுற்றியது. அப்பா காத்திருந்தார். செருமிவிட்டு ஆரம்பிக்க அவருக்குக் குரல் இல்லை, அதனால் அந்தக் காத்திருப்பு எப்போதையும்விட நீண்டுகொண்டே போனது. எனக்குத் தூக்கம் சொக்கியது.

அப்போது அம்மா தம்பியின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை வாய் விட்டுச் சொன்னதில்லை.

"அவனப் பாத்துக்கோ. அவனுக்குக் குளுரு ஆவாது."

அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் சபையில் அந்த வழக்கமே இல்லை. அதைச் சரியாகச் சொன்னதற்கு நான் ஒரு பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் இப்போது அம்மாவைத் திருத்துவார் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா திருத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து ஆமென் என்றார். அவர் கன்னத்திலிருந்து தண்ணீர் வேதாகமத்தின் மேல் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

ஆக, அப்பாவும் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. இனி அந்த வீட்டில் விசுவாசத்தில் நிலைத்து நிற்கிற ஆள் நான் ஒருத்திதான். படுக்கப் போவதற்கு முன்னால், முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டு, பின்மாறிப் போன என் தாயையும் அவளோடு சேர்ந்து கெட்டுப்போன என் தகப்பனையும் எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று மன்றாடினேன். அடுத்த அறையில் அப்பா அந்தக் காற்றுக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது கேட்டு அம்மா சிரித்தாள். சிதம்பரத்துக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. இப்படி ஒரு நாளில் போய்ச் சிரிக்கிறாளே என்று மனம் நொந்து, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.